நிதானமாகப் பாட்டுக் கேட்க இரண்டாவது ஹெட்போன்: வாங்கும்போது செய்கிற தவறுகள்

முதல் ஹெட்போன் வாங்கும்போது நாம் தேடுவது துல்லியத்தை. பல வருஷமாகக் கேட்ட பாட்டில் இதுவரை காதில் விழாத ஒரு ஒலி விழுந்தால் அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. ஆனால் வேலை முடிந்து சாய்ந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்கலாம் என்று எடுத்தால், அதே ஹெட்போனை முக்கால் மணி நேரத்தில் கழற்றி வைக்கத் தோன்றும். அப்போதுதான் இரண்டாவது ஹெட்போன் பற்றிய யோசனை வருகிறது.

அதையும் முதலாவதை வாங்கிய மாதிரியே வாங்குவதுதான் பெரிய தவறு. நான் செய்ததும் அதுதான். இரண்டு மாடல்களை மாற்றி மாற்றி மாட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் கேட்டேன். ஒன்று பளிச்சென்று இருந்தது, அதையே எடுத்தேன். மூன்றாம் நாள் இரவு, பாடகி ‘ஸ’ உச்சரித்த ஒவ்வொரு இடத்திலும் காதில் ஊசி குத்துவது போல இருந்தது. ஒலியைக் குறைத்தால் பாட்டின் வரிகள் மங்கின, கூட்டினால் மறுபடி குத்தியது. கை சும்மா இருக்கவே இல்லை. இப்படி ஒலியளவை அடிக்கடி மாற்றத் தோன்றினால், அந்த ஹெட்போன் உங்களைக் களைப்பாக்குகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

மனிதக் காது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் (ஒலி எவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு) வரையிலான ஒலிகளுக்குத்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது. செவித்துளையின் வடிவமே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். ‘ஸ’, ‘ஷ’ போன்ற எழுத்துகளின் சீறல் அதற்குச் சற்று மேலே, 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் அளவில் வரும். இந்த இடங்களில் மட்டும் ஒரு ஹெட்போனின் ஒலி எகிறினால் முதல் இரண்டு நிமிடம் ‘அடடா, என்ன தெளிவு!’ என்று இருக்கும். அதே எகிறல்தான் ஒரு மணி நேரம் கழித்து வாட்டுகிறது.

கடையில் சத்தமாக வைத்துக் கேட்டுப் பார்ப்பது அடுத்த தவறு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்: ஒலி குறையக் குறைய, அடித்தள ஒலிகள், அதாவது பேஸ், மற்றவற்றைவிட வேகமாக நம் காதுக்கு மங்கிவிடும். அதனால் சத்தமாகக் கேட்கும்போது சரியாக இருந்த ஹெட்போன், இரவில் மெதுவாக வைத்தால் சப்பென்று மெலிந்து போகும். நீங்கள் எந்த அளவில் கேட்கப் போகிறீர்களோ அந்த அளவிலேயே சோதித்துப் பாருங்கள். இரண்டை ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே ஒலியளவில் வைத்தாலும் ஒன்று கொஞ்சம் சத்தமாகக் கேட்கும், மனசு உடனே அதுதான் உசத்தி என்று சொல்லிவிடும். இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்கிக்கொள்ள வேண்டும்.

‘சரி, கூர்மை வேண்டாம்’ என்று முடிவெடுத்து, பேஸ் அதிரும் ஹெட்போனுக்குத் தாவுகிறவர்களும் உண்டு. அதுவும் களைப்புதான். அதிகப்படியான பேஸ், குரலை மூடிவிடும். வார்த்தை எங்கே என்று மூளை தேடிக்கொண்டே இருக்கும். நமக்கு வேண்டியது குரல் முன்னால் நிற்க, மேல் ஒலிகளில் திடீர் எகிறல் இல்லாத ஒன்று. 2003-ல் வந்த சென்ஹைசர் எச்டி 650 பற்றி இன்னும் பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் அது 300 ஓம் ஹெட்போன்; ஓம் என்பது மின்சாரத்துக்கு அது காட்டும் தடையின் அளவு. நேராகப் போனில் சொருகினால் பல போன்களில் போதுமான சத்தம் கிடைக்காது. தனி ஆம்ப்ளிஃபயர் வைத்துக்கொள்ள மனமில்லை என்றால் ஓம் அளவு குறைந்ததையே பாருங்கள்.

ஒலியைப் பற்றியே யோசித்துவிட்டு உடம்பை மறப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். களைப்பில் பாதி ஒலியால் வருவதே இல்லை. காதைச் சுற்றி உட்காரும் மெத்தையான பேடுக்குள் காது முழுசாக அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினாலும், காதின் மேல் நுனி உள்ளே இருக்கும் துணியை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஐந்து நிமிடத்தில் அது தெரியாது. அரை மணி நேரத்தில் அந்த ஓர் இடம் சிவந்து எரியும். மாட்டிக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் திருப்பி, வாயைத் திறந்து மூடிப் பார்த்தால் எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். கண்ணாடிக் காம்பைப் பேடு நெற்றிப்பொட்டில் அழுத்தும். காம்பு போகும் இடைவெளி வழியாக, பின்பக்கம் மூடிய ஹெட்போனில் பேஸும் கசிந்துவிடும்.

எடையும் அப்படித்தான். எச்டி 650 ஏறக்குறைய 260 கிராம், ஆடீஸ் எல்சிடி-2 போன்ற பிளானர் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தருவது) 500 கிராமைத் தாண்டும். ஒலி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அரைக் கிலோவைக் கழுத்து சுமக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் 1984-ல் வந்து இன்றும் விற்கும் காஸ் போர்டா புரோ 100 கிராம்கூட இல்லை. தோற்றத்தைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

பின்பக்கம் திறந்த வகையில் காற்று போய்வரும், காது வேர்க்காது, இசை தலைக்கு வெளியே ஒலிப்பது போல இருக்கும். 1968-ல் சென்ஹைசர் எச்டி 414 தொடங்கிவைத்த வகை இது. நிதானமாகக் கேட்க என் முதல் தேர்வும் இதுதான். ஆனால் பக்கத்தில் ஒருவர் தூங்கினால் பாட்டு அவருக்கும் கேட்கும். அறையில் மின்விசிறியோ தெருச் சத்தமோ இருந்தால் அதை மீறி ஒலியைக் கூட்டுவீர்கள், அங்கே இந்த வகை வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று எல்லை சொல்கிறது. 3 டெசிபல் கூடினாலே அது 20 மணி நேரமாகிவிடும். சத்தமான இடத்துக்கு, வெளிச் சத்தத்தை மின்னணு முறையில் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் உதவும்; சிலருக்கு மட்டும் அது காதை அடைப்பது போலத் தோன்றும். பாட்டே போடாமல் பத்து நிமிடம் மாட்டியிருந்து பாருங்கள்.

அப்புறம், வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். இப்போது இருக்கும் ஹெட்போனிலேயே ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள், 6 முதல் 8 வரையும் அதேபோலக் குறையுங்கள். களைப்பு போய்விட்டால் தொந்தரவு ஒலியில்தான் இருந்திருக்கிறது; புதிதாக வாங்காமலேகூடச் சமாளிக்கலாம். போகவில்லை என்றால் பேடு, எடை, இறுக்கம் இவற்றைப் பார்த்து வாங்குங்கள். பேடு இறுகிப்போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். வேறு நிறுவனத்துப் பேடு போட்டால் ஒலியும் மாறும், அதனால் அதே மாடலுக்கான பேடாகக் கேட்டு வாங்குங்கள்.