வெள்ளைக்கருவும் 60 மணிகளும்: புரதத்தின் வடிவத்தைக் கையால் செய்து பார்ப்போம்

தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் என் அண்ணன் மகள், புரதத்தின் நான்கு நிலைகளையும் ஒப்பித்துவிட்டுக் கேட்டாள்: "மடிஞ்சா என்ன, மடியாட்டி என்ன அத்தை?" அருமையான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இதைச் செய்தோம்.

சிங்கப்பூர் தேக்காவில் மணி வாங்கிக்கொள்ளுங்கள்: வெள்ளை 58, சிவப்பு 2. ஒன்றரை அடி மெல்லிய கம்பி, ஒரு பென்சில், ஒரு முட்டை போதும்.

படி 1: வெள்ளைக்கருவை மட்டும் சூடு தாங்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றி, தமிழ் முரசு நாளிதழின் மேல் வையுங்கள். அடியிலுள்ள எழுத்து தெரியும். பிறகு கிண்ணத்தைக் கொதிநீரில் இறக்கி, கரு இறுகியதும் எடுத்து அதே இடத்தில் வையுங்கள். எழுத்து மறைந்துவிடும். நாம் எதையும் சேர்க்கவில்லை. நேர்த்தியாக மடிந்திருந்த புரதங்கள் சூட்டில் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கி, வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன.

படி 2: மணிகளைக் கம்பியில் கோர்த்துக்கொள்ளுங்கள். 35ஆவதும் 52ஆவதும் சிவப்பு. அதே வெள்ளைக்கருவில் லைசோசைம் என்றொரு புரதம் உண்டு. பாக்டீரியாவின் சுவரை வெட்டுவது அதன் வேலை. புரதத்தைக் கட்டும் சிறு துண்டுகளான அமினோ அமிலங்கள் 129 கொண்ட சங்கிலி அது; ஒரு மணி ஓர் அமினோ அமிலம் என்று வைத்து, நாம் முதல் 60ஐ மட்டும் கோர்க்கிறோம். 20 வகை அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பதே முதல் நிலை.

படி 3: 25 முதல் 36 வரையுள்ள மணிகளைப் பென்சிலில் சுற்றி உருவுங்கள்: ஆல்ஃபா சுருள். 41 முதல் 60 வரை முன்னும் பின்னுமாக மூன்று வரிசை மடியுங்கள்: பீட்டா தாள். இது இரண்டாம் நிலை. சங்கிலி எந்தக் கோணங்களில் வளையலாம் என்று 1963இல் கணக்கிட்டுக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழு. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

படி 4: இதில் அவசரம் வேண்டாம். சுருளையும் தாளையும் எதிரெதிரே கொண்டுவந்து நடுவில் பள்ளம் விடுங்கள். சிவப்பு மணிகள் இரண்டும் பள்ளத்தின் இரு கரையில் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அவளுக்கு நாலைந்து தடவை ஆனது. நிஜப் புரதத்தில், தண்ணீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள் உள்ளே ஒதுங்க, மடிப்பு தானாக விழும். இது மூன்றாம் நிலை. பாக்டீரியச் சுவரின் சர்க்கரைச் சங்கிலி அந்தப் பள்ளத்தில் வந்து படுக்கும். இரண்டு சிவப்பும் சேர்ந்துதான் அதை வெட்டும்.

நான்காம் நிலை லைசோசைமுக்குக் கிடையாது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் 4 சங்கிலிகள் கூடியிருப்பது அதற்கு உதாரணம்.

படி 5: கம்பியின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுங்கள். ஒரு மணிகூட உதிராது, வரிசையும் மாறாது. சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவே மட்டும் 16 மணிகள் வந்துவிடும்.

அந்த இடைவெளியை விரலால் அளந்து பார்த்துவிட்டு, "இனிமே வெட்ட முடியாது, இல்ல அத்தை?" என்றாள்.