தெருவில் மஞ்சள் கோடு வரப்போகிறதா? கவுன்சிலுக்கு ஆட்சேபம் எழுதுவது எப்படி

இங்கிலாந்தில் ஒரு தெருவுக்கு பார்க்கிங் பெர்மிட் கொண்டுவரவோ, மூலையில் வண்டி நிறுத்தக்கூடாது என்று இரட்டை மஞ்சள் கோடு போடவோ, ஒருவழிப் பாதையாக்கவோ கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) முதலில் ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு வழி சொல்கிறது. பொதுமக்களை எப்படிக் கேட்க வேண்டும் என்பது 1996-இல் வந்த நடைமுறை விதிகளில் இருக்கிறது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடக்கும் தெருவுக்கு பெர்மிட் மண்டலம் (குறித்த நேரங்களில் பெர்மிட் உள்ள வண்டிகள் மட்டும் நிறுத்தும் பகுதி) முன்மொழியப்பட்டபோது இதையெல்லாம் படித்து எழுதிப் போட்டேன். மண்டலம் வந்தது, சனிக்கிழமை மட்டும் விடுபட்டது. எங்களுக்கு அதுவே போதும்.

ஸ்காட்லாந்துக்கு விதிகள் வேறு. இங்கே எழுதியிருப்பது இங்கிலாந்துக்கு, அதிலும் லண்டன் அனுபவம்.

படி 1: அறிவிப்பைப் பிடியுங்கள்

லாம்ப் போஸ்டில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் கட்டியிருப்பார்கள். உடனே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மழைக்கு எழுத்து போய்விடும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் போடுவார்கள். அதைத் தேடி அலைவது வீண். லண்டன் பரோக்களின் (நகரின் உள்ளாட்சிப் பகுதிகளின்) முன்மொழிவுகள் அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பு இதழான லண்டன் கெசட்டிலும் வந்தாக வேண்டும். அந்தத் தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டுத் தேடலாம். கவுன்சிலின் சொந்தத் தளத்தைவிட நான் அதைத்தான் நம்புகிறேன். லண்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்கு கவுன்சில் தளமும் லாம்ப் போஸ்டும்தான்.

அறிவிப்பில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆணையின் குறிப்பு எண், ஆட்சேபம் போய்ச் சேர வேண்டிய கடைசித் தேதி. 21 நாளுக்குக் குறைவாகக் கொடுக்க முடியாது.

படி 2: இது எந்தக் கட்டம்?

பெரும்பாலானவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பெர்மிட் மண்டலம் போன்ற பெரிய திட்டங்களுக்கு கவுன்சில்கள் வழக்கமாக இரண்டு முறை கேட்கும். முதல் முறை வருவது ஒரு கேள்வித்தாள். 'உங்கள் தெருவில் பார்க்கிங் பிரச்சினை உண்டா? மண்டலம் வேண்டுமா? எந்த நேரம்?' என்று கட்டம் கட்டமாக இருக்கும். கவுன்சில் ஆதரவை நாடிபிடித்துப் பார்ப்பதுதான் அது. அதற்குப் பல மாதம் கழித்து, வரைவு ஆணையோடு இன்னொரு அறிவிப்பு வரும். சட்டம் சொல்லும் ஆட்சேபம் என்பது இந்த இரண்டாவது முறை அனுப்புவது மட்டுமே.

எங்கள் தெருவில் பாதிப் பேர் முதல் தாளில் 'வேண்டாம்' என்று டிக் அடித்துவிட்டு, "அதான் அப்பவே சொல்லியாச்சே" என்று இருந்துவிட்டார்கள். இரண்டாவது அறிவிப்புக்கு அவர்கள் ஒன்றும் எழுதவில்லை. கவுன்சில் கணக்கில் அவர்களுக்கு ஆட்சேபமே இல்லை. வரைவு ஆணை, குறிப்பு எண், 21 நாள் கெடு, இந்த மூன்றும் இருந்தால் அது இரண்டாவது கட்டம். முன்பு என்ன சொல்லியிருந்தாலும் மறுபடி எழுதுங்கள்.

இன்னொன்று. கேள்வித்தாளை அந்தப் பகுதி வீடுகளுக்குத்தான் அனுப்புவார்கள். ஆனால் ஆணைக்கு ஆட்சேபம் தெரிவிக்க அந்தத் தெருவில் குடியிருக்க வேண்டியதில்லை, யாரும் எழுதலாம். கோயிலுக்கு வருபவர், கடை வைத்திருப்பவர், பிள்ளையை வகுப்புக்குக் கொண்டுவந்து விடுபவர், எல்லாரும்.

படி 3: மூன்று ஆவணங்கள்

வரைவு ஆணை, வரைபடம், இந்த ஆணை ஏன் வேண்டும் என்று கவுன்சில் சொல்லும் காரண அறிக்கை. காரண அறிக்கை அரைப் பக்கம்தான் இருக்கும், ஆனால் உங்கள் கடிதம் மோத வேண்டியது அதனுடன்தான். ஆணையின் அட்டவணையில் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லால் எழுதியிருப்பார்கள்: '12, 14-ஆம் இலக்க வீடுகளின் பொது எல்லையிலிருந்து மேற்கே 10 மீட்டர்' என்கிற மாதிரி. டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். தெருச் சந்திப்பிலிருந்து 10 மீட்டருக்குள் நிறுத்தக்கூடாது என்று சாலை விதி நூலான ஹைவே கோடின் 243-ஆம் விதியே சொல்கிறது, அந்தப் பத்து மீட்டருக்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. கோடு 20 மீட்டர் நீண்டால் ஏன் என்று கேளுங்கள்.

படி 4: எழுதுவது

மின்னஞ்சல்தான் நல்லது, தேதி பதிவாகிவிடும். போனில் சொன்னது ஆட்சேபம் ஆகாது. எழுத்தில் இருக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். குறிப்பு எண், பெயர், முகவரி, 'நான் ஆட்சேபிக்கிறேன்' என்ற வாக்கியம், அப்புறம் காரணம். நான் எழுதியதன் சாரம் இது: 'காரண அறிக்கை ரயில் பயணிகள் வார நாட்களில் காரை விட்டுச் செல்வதைத்தான் பிரச்சினையாகச் சொல்கிறது. சனிக்கிழமைக்கு அதில் ஒரு காரணமும் இல்லை. ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை போதும்.'

முழுதாக நிறுத்து என்பதைவிடக் குறைத்துக் கேட்பதே என் சிபாரிசு. சின்ன மாற்றத்தை அதிகாரிகள் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். பெரிதாக மாற்றினால் பாதிக்கப்படுபவர்களுக்கு மறுபடி தெரிவிக்க வேண்டியிருக்கும், அதனால் தயங்குவார்கள். இது வாக்கெடுப்பும் அல்ல. ஒரே வாசகத்தை வாட்ஸாப்பில் சுற்றவிட்டு நூறு பேர் வெட்டி ஒட்டி அனுப்புவதைவிட, நாலு பேர் நாலு வேறு காரணம் எழுதுவது மேல்.

'காசு பிடுங்கத்தான் இது' என்று எழுதத் தோன்றும். வெறுமனே எழுதினால் எடுபடாது. ஆனால் ஆதாரம் இருந்தால் வேறு கதை: லண்டனின் பார்னெட் கவுன்சில் பெர்மிட் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 ஆக்கியதை, வருமானத்துக்காக இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லி 2013-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

படி 5: பிறகு

ஆணை பிறப்பித்த 14 நாளுக்குள், உங்கள் ஆட்சேபத்தை ஏற்காததற்கான காரணத்தை உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றம் போவதென்றால் ஆணை பிறப்பித்த நாளிலிருந்து ஆறு வாரம்தான். முதல் அறிவிப்பிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆணை வராவிட்டால், கவுன்சில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பின்சேர்க்கை: "எங்கள் தெருவில் கேட்காமலே பூந்தொட்டி வைத்து அடைத்துவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பரிசோதனை ஆணையாக இருக்கும். அதை முதலில் அமல்படுத்திவிட்டு, அமலுக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் ஆட்சேபம் கேட்பார்கள்; அதிகபட்சம் 18 மாதம்தான் ஓடும். ஆகவே அந்த ஆறு மாதம் முடியவில்லை என்றால் இப்போதும் எழுதலாம்.

இன்னொரு பின்சேர்க்கை: வேகத்தடைக்கும் ஜீப்ரா கிராஸிங்குக்கும் இந்த ஆணை கிடையாது. வேகத்தடைக்கு நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் தனி அறிவிப்பு வரும், அதற்கும் ஆட்சேபிக்கலாம். குழி தோண்டும் வேலைக்காகத் தெருவைத் தற்காலிகமாக மூடினால் ஆட்சேப வழி இல்லை, நேராக உங்கள் கவுன்சிலரைப் பிடியுங்கள்.