வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் கலங்காமல் வர

காலையில் மகளுக்குத் தலை வாருவது, மகன் ஷூ லேஸ் கட்டத் திணறுவது, அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடுவது. எனக்கு இந்தப் படங்கள்தான் வேண்டும். ஆனால் கைகள் கலங்கி, முகம் பாதி மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் வந்தன.

எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ முறையில் விட்டால், மங்கலான அறையில் அது ஷட்டரை, அதாவது ஒளி உள்ளே வரத் திறந்திருக்கும் நேரத்தை, 1/30 நொடி வரைகூட நீட்டிவிடும். அசையும் கைக்கு அது போதாது. ஷட்டரை 1/250-இல் நிறுத்தி, ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறன்) மட்டும் ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பு 6400 என்று வைத்தேன். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் கொஞ்சம் புள்ளி தெரியும், தெரியட்டும். அதைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம். அசைவில் கலங்கிய முகத்தை மீட்பது பெரும்பாடு.

முகத்தில் இரண்டு நிறம் விழாமல் இருக்க விளக்கு வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் கலக்கக் கூடாது; அதனால் பகலில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சம் மட்டும். இரவில் சில எல்இடி விளக்குகளின் கீழ் 1/250 வைத்தால் குறுக்கே பட்டை பட்டையாக விழும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும், அதனால் அப்போது 1/100. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/125.

அப்புறம், "இங்கே பார்" என்று சொல்வதை அடியோடு விட்டுவிட்டேன். யாராவது வேண்டாம் என்றால் கேமராவைக் கீழே வைத்துவிடுகிறேன்.