பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வகுப்பு எடுப்பது எப்படி?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வு மாணவராகவோ புதிய விரிவுரையாளராகவோ போகும் நம்மவர்களில் பலர், வளாகத்துக்குள்ளேயே இருக்கும் கலை அருங்காட்சியகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது நூலகம் மாதிரி. நூலகத்தில் புத்தகம் கேட்டு வாங்குவதைப் போல இங்கே பொருளைக் கேட்டு வாங்கலாம். எப்படி என்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தை வைத்தே சொல்கிறேன். 1683இல் திறக்கப்பட்ட பழைய இடம், நுழைவுக் கட்டணம் கிடையாது. வேறு பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கும் இந்த வழி பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: கேள்வியோடு போங்கள்

"ஐரோப்பியக் கலை பற்றி ஒரு வகுப்பு" என்று போனால் எதுவும் தேறாது. "ஒரு ஓவியன் சின்னப் படத்தைப் பெரிய படமாக எப்படி மாற்றினான்?" என்று போனால் எந்தப் பொருளைக் கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

உங்கள் துறை கலை வரலாறாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவப் பேராசிரியர் இர்வின் பிரேவர்மன், மருத்துவ மாணவர்களை வளாகத்தில் உள்ள பிரிட்டிஷ் கலை மையத்துக்கு அழைத்துப் போனார். ஆளுக்கு ஒரு ஓவியம். கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும், விளக்கம் பிறகுதான். இந்தப் பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளின் படங்களில் உள்ள அறிகுறிகளைக் கூர்மையாகக் கண்டு சொன்னார்கள் என்ற ஆய்வு முடிவு 2001இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது.

படி 2: இணையப் பட்டியலில் தேடி, மூன்று பொருளைத் தேர்ந்தெடுங்கள்

கூடத்தில் காட்சிக்கு இருப்பது சேகரிப்பில் சிறு பகுதிதான், மற்றவை உள்ளே சேமிப்பறைகளில் இருக்கும். இணையப் பட்டியலில் இரண்டையும் தேடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. ஆஷ்மோலியனில் 'ஈஏ 1967' என்று எண் தொடங்கினால், அது கிழக்கத்தியக் கலைப் பிரிவுக்கு 1967இல் வந்து சேர்ந்த பொருள். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எல்லாத் தொடர்புக்கும் அதுதான் பெயர்.

ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று போதும். முதல் தடவை நான் பன்னிரண்டு பொருள்களைக் கேட்டு வாங்கினேன். மாணவர்கள் மேசைக்கு மேசை நகர்ந்ததுதான் மிச்சம், எதையும் பார்க்கவில்லை. அருமையான பொருள்களை வெளியே எடுக்க வைத்துவிட்டு, நின்று பார்க்க நேரம் கொடுக்காமல் போய்விட்டேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

படி 3: காப்பாட்சியருக்கு எழுதுங்கள்

ஒரு மாதம் முன்னதாகவே மின்னஞ்சல் அனுப்புங்கள். பாடம் என்ன, எத்தனை மாணவர்கள், எந்தப் பதிவு எண்கள், எந்த நாள் என்று நான்கைந்து வரி போதும். உங்கள் கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். "இதைவிடப் பொருத்தமான ஒன்று உள்ளே இருக்கிறது" என்று அவர்களே சொல்வதும் உண்டு. ஆஷ்மோலியனின் ஓவியத்தாள் படிப்பறையில் மாணவர் அல்லாதவர்களும் முன்பதிவு செய்து ராஃபேல், மைக்கேலாஞ்சலோ கைப்பட வரைந்த தாள்களைப் பார்க்க முடியும். கேட்கவே கூச்சப்பட்டுப் பலர் இதை இழக்கிறார்கள்.

வகுப்புக்கு முன் ஒரு நாள் நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிடுங்கள். படத்தில் தெளிவாகத் தெரிந்தது நேரில் மங்கலாக இருக்கலாம். தாளில் வரைந்தவற்றுக்கு வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவில் குறைத்து வைப்பது வழக்கம். கண் பழகச் சில நிமிடம் ஆகும், அதையும் நேரக் கணக்கில் சேருங்கள்.

படி 4: மாணவர்களைத் தயார் செய்யுங்கள்

பென்சில் மட்டும், பேனா கூடாது. பை, தண்ணீர் பாட்டில், ஈரக் குடை எல்லாம் வெளியே. கை கழுவித் துடைத்துவிட்டு வர வேண்டும். உலோகப் பொருளுக்குக் கையுறை, தாளுக்குப் பெரும்பாலும் சுத்தமான வெறுங்கை. அங்கே சொல்வதைக் கேட்டு நடந்தால் சரி.

படி 5: முதலில் கண், பிறகு அட்டை

வகுப்பின் உயிரே இதில்தான் இருக்கிறது. விளக்க அட்டையை மறைத்து வையுங்கள். நீங்களும் பேசாதீர்கள். பத்து நிமிடம் பார்த்து, பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது நிமிடத்தில் சலிப்பார்கள். விடுங்கள். ஆறாவது, ஏழாவது நிமிடத்தில் யாராவது குனிவார்கள். அப்போதுதான் வேலை தொடங்குகிறது.

ராஃபேல் 1519–20 வாக்கில் கறுப்புச் சுண்ணக்கோலால் வரைந்த ஒரு தாள் ஆஷ்மோலியனில் இருக்கிறது. இயேசுவின் சீடர்கள் இருவரின் தலைகளும் கைகளும். ஒருவர் இளைஞர், மற்றவர் முதியவர். முதலில் எல்லோரும் முகங்களைத்தான் பார்ப்பார்கள். நேரம் போகப் போகக் கோடுகளுக்கு அடியில் வரிசையாகச் சிறு புள்ளிகள் தென்படும். பெரிய வரைபடத்தின் கோடுகள் மேல் ஊசியால் துளையிட்டு, அதன்மேல் கரித்தூளைத் தட்டியதால் கீழே இருந்த தாளில் விழுந்த புள்ளிகள் அவை. அந்தப் புள்ளிகளைத் துணையாகக் கொண்டுதான் அவர் இதை வரைந்திருக்கிறார். துளை போட்ட கோல அச்சில் மாவைத் தட்டிப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கிவிடும். 'சின்னப் படம் பெரிய படமானது எப்படி' என்ற முதல் படியின் கேள்விக்கு விடை இந்தப் புள்ளிகளில் இருந்து தொடங்குகிறது.

எழுதி முடித்ததும் ஒவ்வொருவரும் ஒன்று சொல்லட்டும். "அழகாக இருக்கிறது" என்றால் "எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். "சோகமாக இருக்கிறார்" என்றால் "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். அட்டையைக் கடைசியில் காட்டுங்கள். அட்டையில் இல்லாத எதைத் தாங்கள் கண்டோம் என்று அப்போது அவர்களுக்கே தெரியும்.

படி 6: ஆய்வு என்றால் கோப்பையும் கேளுங்கள்

பொருளைப் பார்ப்பது பாதி ஆய்வு. அது யார் யார் கை மாறி இங்கே வந்தது என்பது மீதிப் பாதி. ஒவ்வொரு பொருளுக்கும் கோப்பு இருக்கும்: வாங்கிய ரசீது, ஏலப் பட்டியல் பக்கம், பழைய கடிதங்கள், பழுதுபார்த்த குறிப்புகள். பொருளைக் கேட்கும் அதே மின்னஞ்சலில் கோப்பையும் கேட்டுவிடுங்கள்.

ஏன் முக்கியம் என்பதற்குத் திருமங்கையாழ்வார் திருமேனி ஒன்றே சான்று. வாளும் கேடயமும் ஏந்திய 16ஆம் நூற்றாண்டு செப்புத் திருமேனி. 1967இல் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் ஆஷ்மோலியன் அதை வாங்கியது. 2019இல் தனி ஆய்வாளர் ஒருவர் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பில் 1957இல் எடுத்த ஒரு படத்தைக் கண்டார். அதே திருமேனி, கும்பகோணம் அருகே உள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில்! படத்தையும் பொருளையும் ஒப்பிட்ட அந்தக் கண்களைத்தான் ஐந்தாம் படியில் பழக்குகிறோம். அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்தது. திருமேனியைத் திருப்பித் தரும் கோரிக்கையை 2024 மார்ச்சில் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு ஆதரித்தது.

ஆக, கோப்பில் காலம் விடுபட்ட இடத்தைத் தேடுங்கள். 1957இல் கோயிலில், 1967இல் ஏலத்தில். நடுவில் அந்தப் பத்து ஆண்டுகள் எங்கே? ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு இதைவிடக் கனமான கேள்வி வேண்டாம். தமிழ் தெரிந்த ஆய்வாளர் இந்த இடத்தில் மற்றவர்களைவிட வெகுதூரம் போக முடியும். உற்சவர் என்றால் வீதியுலா வந்தவர், பட்டும் பூவும் சாத்தி வணங்கப்பட்டவர். கண்ணாடிப் பெட்டியில் அலங்காரம் இல்லாமல் நிற்பவரைப் பார்த்ததும் இது நமக்குத் தோன்றும். அதைக் குறிப்பில் எழுதுங்கள்.

படி 7: கண்டதைத் திருப்பிக் கொடுங்கள்

வகுப்பு முடிந்த ஒரு வாரத்துக்குள் ஒரே பொருளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். முதல் பக்கம் கண்ணால் கண்டது, இரண்டாம் பக்கம் படித்தறிந்தது. இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

அட்டையில் பிழையோ, பட்டியலில் ஒரு பெயர் தவறாகவோ இருப்பது யார் கண்ணிலாவது பட்டால், மாணவர் பெயரோடு காப்பாட்சியருக்கு அனுப்புங்கள். சான்றாக ஒரு படமோ பக்க எண்ணோ இணையுங்கள். பதிவு எண்ணை மின்னஞ்சலின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். நேராக அந்தப் பொருளின் கோப்புக்குப் போய்ச் சேரும், அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவர் அதைப் படிப்பார்.