கொழுந்துக் கணக்கு ஷீட்டை மாசாமாசம் கையால சரிபண்ணாம இருக்க ஒரு வழி

தேயிலைத் தோட்டத்து ஒபிஸ்ல வேலை செய்றவங்களுக்கு மாசக் கடைசி எப்படின்னு நான் சொல்லத் தேவையில்ல. மேல்கணக்கு, நடுக்கணக்கு, கீழ்க்கணக்குன்னு தோட்டத்துப் பிரிவு மூணுல இருந்தும் கொழுந்து நிறுவைக் கணக்கு எக்செல்ல வரும், ஆனா மூணும் மூணு மாதிரி இருக்கும், ஒருத்தர் அடியில மொத்தம் போட்டிருப்பாரு, ஒருத்தர் பேருக்கு முன்னால ஸ்பேஸ் விட்டிருப்பாரு, இன்னொருத்தர் கிலோ எழுதுற கட்டத்துலயே "லீவு"ன்னு அடிச்சிருப்பாரு. இலங்கையில ஹட்டன் பக்கம் நான் வேலை செஞ்ச இடத்துல ரெண்டு வருஷம் இதையெல்லாம் கையால கொப்பி பேஸ்ட் பண்ணித்தான் ஓட்டுனேன். ஒரு மாசம் சோர்ட் பண்றப்ப பேர் கொலத்தை மட்டும் பிடிச்சுட்டேன், கிலோ நின்ன இடத்துலயே நின்னுருச்சு. ஒரு அக்கா சம்பளத் துண்டோட வந்து, "தம்பி, பதினாலாந்தேதி அந்திக் கொழுந்தோட சேத்து இருபத்திரெண்டு கிலோ போட்டேன், இதுல பதினொண்ணுன்னு இருக்கே"ன்னு கேட்டாங்க. மடுவத்துக் கொப்பியை (கொழுந்து நிறுக்கிற கொட்டகையில எழுதுறது) பாத்தா அவங்க சொன்னதுதான் சரி. எங்க பிழைச்சுதுன்னு காட்ட என்கிட்ட ஒண்ணுமே இல்ல, கையால செஞ்ச வேலைக்குத் தடம் கிடையாதே. அதுக்கப்புறம்தான் பவர் குவெரி பழகினேன், எக்செல்ல டேட்டாவை இழுத்துச் சீர்பண்ற கருவி அது.

பவர் குவெரி எக்செல் 2016ல இருந்து உள்ளுக்கே இருக்கு, 2010க்கும் 2013க்கும் தனி ஆட்-இன்னா வந்தது. டேட்டா டேப்ல கெட் டேட்டான்னு இருக்கும் பாருங்க, அதுதான். நீங்க செய்ற ஒவ்வொரு மாத்தமும் வலது பக்கம் அப்ளைட் ஸ்டெப்ஸ்ல வரிசையா பதிஞ்சுக்கிட்டே வரும், அடுத்த மாசம் ரிஃப்ரெஷ் ஒண்ணு அமத்தினா அத்தனையும் திரும்ப நடக்கும். வந்த ஃபைல்ல அது கை வைக்காது, ஃபைலெல்லாம் உங்க கொம்பியூட்டர்ல இருந்தா இன்டர்நெட்டும் தேவையில்ல, மழைக்கு சிக்னல் போனாலும் வேலை நிக்காது.

முதல்ல ஒரு ஃபோல்டர் போட்டு எல்லா ஃபைலையும் அதுக்குள்ள வைங்க. பேரை "2025-02 கீழ்க்கணக்கு" இந்த மாதிரி வருஷம் முன்னால வர்றாப்ல வைங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன். ஷீட்டோட பேர் எல்லா ஃபைல்லயும் ஒண்ணாவே இருக்கணும், ஒண்ணுல மாறியிருந்தாலும் எரர் வரும். பிறகு கெட் டேட்டா, ஃப்ரொம் ஃபைல், ஃப்ரொம் ஃபோல்டர், அதுல கம்பைன் அன்ட் ட்ரான்ஸ்ஃபோர்ம்.

இப்ப நான் ரொம்ப நாள் சிக்கிக் கிடந்த இடத்துக்கு வர்றோம், இதை நிதானமா வாசிங்க. நம்ம ஷீட்ல நம்பர், பேர், அப்புறம் 1ல இருந்து 31 வரைக்கும் தேதி பக்கவாட்டுல ஓடும். மனுசருக்கு வாசிக்க வசதி, கணக்குக்கு வசதியில்ல, கணக்குக்கு "யாரு, எந்தத் தேதி, எத்தனை கிலோ"ன்னு கீழ்நோக்கி ஒரு வரிக்கு ஒரு நிறுவை இருக்கணும். அப்படிப் புரட்டிப் போடுறதுக்குப் பேர்தான் அன்பிவட். ஆனா ஃபோல்டரை இணைக்கிறப்ப எக்செல் முதல் ஃபைலைத்தான் மாதிரியா எடுத்துக்கும். அந்த முதல் ஃபைல் பெப்ரவரியா இருந்தா அதுல 28 கட்டம்தான், மார்ச் ஃபைல்ல இருக்கிற 29, 30, 31ந்தேதிக் கொழுந்து சத்தமே இல்லாம விழுந்துரும், எரர்கூட காட்டாது! அதனால அன்பிவட்டைக் கடைசி குவெரியில (எல்லா ஃபைலும் ஒண்ணு சேர்ற இடம்) செய்யாதீங்க. இடது பக்கம் ட்ரான்ஸ்ஃபோர்ம் சாம்பிள் ஃபைல்னு ஒண்ணு இருக்கும், அதைத் திறந்து அதுக்குள்ள செய்ங்க, அப்பதான் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியா புரண்டு, அதுக்குப் பிறகு ஒண்ணு சேரும்.

அதுக்குள்ள நம்பர் கொலத்துல ஃபில்டரைத் திறந்து வெறுமையா இருக்கிறதை எடுத்துருங்க, அடியில இருக்கிற மொத்த வரி அதோட போயிரும் (விட்டுட்டீங்கன்னா கிலோ ரெட்டிப்பாகும்). அடுத்து நம்பர், பேர் ரெண்டையும் செலக்ட் பண்ணி ரைட் கிளிக், அன்பிவட் அதர் கொலம்ஸ். "அதர்"ங்கிறது முக்கியம், தேதிக் கட்டம் 28 இருந்தாலும் 31 இருந்தாலும் அது பாத்துக்கும். ஓரத்துல மொத்தம்னு ஒரு கொலம் இருந்தா அதுவும் புரண்டு வந்திருக்கும், தேதி கொலத்துல (அட்ரிபியூட்னு பேர் வந்திருக்கும்) அதை ஃபில்டர் பண்ணிருங்க. இப்ப கடைசி குவெரிக்குப் போனா சிவப்பா எரர் நிக்கும், பயப்படாதீங்க, அங்க எக்செல் தானா போட்ட சேன்ஜ்ட் டைப் ஸ்டெப் பழைய கட்டத்தைத் தேடுது, அந்த ஸ்டெப்பை அழிச்சா சரி.

வெறுங்கட்டத்தை அன்பிவட் விட்டுரும்ங்கிறதையும் மனசுல வைங்க. வராத நாள் லிஸ்ட்லயே இருக்காது. அதைப் பாத்து அவங்க அன்னைக்கு வேலைக்கே வரலைன்னு முடிவு கட்டிராதீங்க, சில்லறை வேலைக்குப் போயிருப்பாங்க, அதுக்குக் கிலோ கிடையாது, பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) உண்டு. யாருக்குப் பேர் விழுந்துதுன்னு செக்ரோலைத்தான் (வேலைக்கு வந்த நாள் பதியுற புத்தகம்) கேக்கணும்.

"லீவு"ன்னு அடிச்ச கட்டத்துலயும் கவனம். கிலோ கொலத்தை (வால்யூன்னு பேர் வந்திருக்கும்) நம்பரா மாத்தினா அந்த இடம் எரராகும், ஷீட்டுக்கு இறக்கினப்புறம் அதே எரர் வெறுங்கட்டமா தெரியும், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அதனால மாத்துறதுக்கு முன்னால ஃபில்டரைத் திறந்து என்னென்ன எழுத்து கிடக்குன்னு ஒரு தடவை பாருங்க. ஒருக்கா "18.5"க்குப் பதிலா "18,5"ன்னு இருந்துச்சு. அதையெல்லாம் ரீப்ளேஸ் வால்யூஸ்ல திருத்தினா அந்தத் திருத்தமும் ஸ்டெப்பா பதிஞ்சு நிக்கும், யாரு கேட்டாலும் காட்டலாம்.

தேதிக்கு, ஃபைல் பேர்ல ஸ்பேஸுக்கு முன்னால இருக்கிற "2025-02"ஐ எக்ஸ்ட்ராக்ட் பண்ணி, தேதி கொலத்தோட நடுவுல கோடு போட்டு மேர்ஜ் கொலம்ஸ் பண்ணி, டேட்டா மாத்துங்க. வருஷம் முன்னால இருந்தா குழப்பமே வராது, இல்லாட்டி 03/04ஐ ஒரு கொம்பியூட்டர் ஏப்ரல் 3ன்னும் இன்னொண்ணு மார்ச் 4ன்னும் வாசிக்கும்.

ஆளை அடையாளம் பிடிக்க பேரை நம்பாதீங்க. நம்ம லயத்துல ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க, எழுத்தும் ஆளுக்கொரு மாதிரி. நம்பர்தான் சரி. ஆனா 0457ன்னு இருக்கிறதை எக்செல் 457 ஆக்கியிருக்கும், அதுக்கு கொலத்தை டெக்ஸ்டா மாத்தி, ட்ரிம் போட்டு, ஃபோர்மட்ல ஆட் ப்ரிஃபிக்ஸ்னு 0000 முன்னால ஒட்டி, எக்ஸ்ட்ராக்ட்ல கடைசி நாலு எழுத்தை மட்டும் எடுங்க. அடையாள அட்டை நம்பரை வச்சு சேக்கிறவங்களுக்குப் பழசு ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், 2016ல வந்த புதுசு பன்னெண்டு இலக்கம். பழசைப் புதுசாக்க முன்னால 19 போட்டு, பழசோட முதல் அஞ்சு இலக்கத்துக்குப் பின்னால ஒரு 0 செருகி, கடைசி எழுத்தை எடுத்துருங்க, 861234567V வந்து 198612304567 ஆகும்.

எல்லாம் முடிஞ்சப்புறம் ஆள் பதிவு லிஸ்ட்டோட மேர்ஜ் குவெரீஸ் பண்ணி, ஜொயின்ல லெஃப்ட் அன்டின்னு ஒண்ணு இருக்கும், அதைப் போடுங்க. கொழுந்து நிறுவை இருக்கு, ஆனா பதிவுல ஆள் இல்லங்கிற வரி மட்டும் வரும். எனக்கு முதல் தடவை ஏழு வரி வந்துச்சு, ஏழும் யாரோ ஒருத்தரோட கிலோ. ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டு மடுவத்துக்கே போய் கணக்கப்பிள்ளைகிட்ட கொப்பியை வாங்கிப் பாத்து, எந்த நம்பர்னு திருத்தினப்புறம்தான் குளோஸ் அன்ட் லோட் அமத்தினேன்.