வானிலை சட்டென மாறும் இடங்களுக்குப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 மே 22 காலை. சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டப் பந்தயம் தொடங்கியது. ஓடியவர்கள் 172 பேர். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும்தான் போட்டிருந்தார்கள். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயப் பொருள்களின் பட்டியலில் இல்லை. கொண்டு வந்தவர்களிலும் பலர் அதை ஒரு பையில் போட்டு, பாதையில் வெகுதூரம் தள்ளி இருந்த நிறுத்தத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். மதியத்துக்குள் மலையில் ஆலங்கட்டியும் உறைய வைக்கும் மழையும் பலத்த காற்றும் வந்து சேர்ந்தன. உடம்பில் சுற்றிக்கொள்ள வைத்திருந்த மெல்லிய பளபளப்புப் போர்வைகளைக் காற்று கிழித்துப் போட்டது. 21 பேர் இறந்தார்கள்.

அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரைக் கூட்டி வந்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். அவசரத்துக்கு வேண்டுமென்று அந்தக் குகையில் துணிமணிகளை அவர் முன்பே வைத்திருந்தார். அன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டிருந்தால் அவராலும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் வந்தால் என்ன செய்யும், எங்கே ஒதுங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வேறுபாட்டைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 'கணிக்கவே முடியாத வானிலை' என்று சில இடங்களுக்குப் பெயர் உண்டு. ஐஸ்லாந்து, தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் படகோனியா, இமயமலை, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன், அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர். எந்த நேரத்தில் மாறும் என்பது வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம். எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வழியில் மாறும் என்பது ஒவ்வொரு இடத்திலும் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கிளம்புவதுதான் மற்றத் தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர்.

ஆப் காட்டும் ஒரே ஒரு படம்

நம்மில் பெரும்பாலோர் செய்வது இது. போனைத் திறந்து, ஊர் பெயரைத் தட்டி, சூரியன் படமா மேகம் படமா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவோம். ஒரு முழு நாளுக்கு ஒரு படம். வானிலை நிதானமாக மாறும் இடத்தில் இது போதும். காலையில் வெயிலும் பிற்பகலில் ஆலங்கட்டியும் வரும் இடத்தில் அந்தப் படத்துக்கு அர்த்தமே இல்லை.

இன்னொரு சிக்கல், ஆப்பில் வரும் எண் எந்த இடத்துக்கானது என்பது. உலகம் முழுவதுக்கும் கணிக்கும் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகின்றன. நுணுக்கமானவற்றில்கூடப் பெரும்பாலும் ஒரு கட்டம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகலம். அந்த அகலத்துக்குள் ஒரு சிகரமும் ஒரு பள்ளத்தாக்கும் அடங்கிவிடும். கணினிக்கு இரண்டும் சேர்ந்து ஒரு சமமான மேடு. நீங்கள் தட்டிய பெயரோ அடிவாரத்து ஊர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 12 டிகிரி என்றால், 2,000 மீட்டர் மேலே பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். காற்றை இன்னும் சேர்க்கவில்லை.

அப்புறம் இந்த '40 சதவீதம் மழை'. நாளில் 40 சதவீத நேரம் பெய்யும் என்று சிலர் நினைக்கிறார்கள். லேசாகப் பெய்யும் என்று சிலர். இரண்டும் இல்லை. இதே மாதிரி கணிப்பு வந்த 10 நாள்களில் 4 நாள் மழை பெய்யும் என்பதுதான் பொருள். எவ்வளவு கனமாகப் பெய்யும் என்று அது சொல்லவே இல்லை. பாறை இடுக்கில் நடக்கப்போகிறவருக்கு 20 சதவீதமே அதிகம்.

கணிப்பு ஏன் தவறுகிறது என்பதற்கு எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை அறிஞரின் அனுபவம் நல்ல விளக்கம். 1961-ல் அவர் கணினியில் ஒரு கணக்கை மறுபடி ஓட்டினார். முதலில் இருந்த 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது வானிலை முதலாவதோடு சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. தொடக்கத்தில் இருக்கும் இத்தனை சிறிய பிழையே வளர்ந்து பெரிதாகிவிடும் என்பதால்தான், நாள்வாரிக் கணிப்புக்கு இரண்டு வாரத்துக்கு மேல் மதிப்பில்லை என்கிறார்கள். மலையும் கடலும் மோதும் இடங்களில் அந்த மதிப்பு இன்னும் சீக்கிரம் கரையும். இரண்டு மாதம் முன்பே 'அந்தத் தேதியில் எப்படி இருக்கும்' என்று தேடுவதில் பயனில்லை. கடைசி மூன்று நாள் காலையும் மாலையும் பாருங்கள். கணிப்பு ஒரே மாதிரி நிலையாக இருக்கிறதா, ஒவ்வொரு முறையும் மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறிக்கொண்டே இருந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை.

தலைக்கு மேல் நீலவானம்

1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பிளவுக்குள் சுற்றுலாப் பயணிகள் இறங்கினார்கள். அவர்கள் நின்ற இடத்தில் சொல்லும்படி மழை இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி, மேட்டுப் பக்கம் இடிமழை கொட்டியது. அந்தத் தண்ணீர் முழுவதும் அந்தப் பிளவு வழியாகத்தான் வடிந்தாக வேண்டும். 11 பேர் இறந்தார்கள்.

பாலைவனத்தில் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்கத் தோன்றும். பாறையும் இறுகிய மண்ணும் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் அங்கே பெய்யும் மழை அப்படியே ஓடிவரும். எனவே பள்ளத்தில் இறங்கும் முன் மேலே பார்த்தால் போதாது. இந்தப் பள்ளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அங்கே இன்று இடிமழைக்கு வாய்ப்பு உண்டா என்று கேட்க வேண்டும். உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, தூரத்தில் உறுமல் கேட்டாலோ மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பையை எடுக்கவும் திரும்பக் கூடாது.

மின்னலுக்கும் இதேதான். இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறீர்கள். ராக்கி மலைகளில் கோடையில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும் என்பதால், விடியும் முன் ஏறத் தொடங்கி, மதியத்துக்குள் மரங்கள் இருக்கும் உயரத்துக்கு இறங்கிவிடுவது அங்கே வழக்கம். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருப்பது பொது விதி.

'இதுதானே நல்ல சீசன்?'

நேபாளத்தில் மலையேற அக்டோபர்தான் நல்ல மாதம். பருவமழை முடிந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும். இது உண்மைதான். 2014 அக்டோபரிலும் அதை நம்பித்தான் அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்கு ஏராளமானோர் வந்திருந்தார்கள். அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்தது. அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாள் கழித்து இமயமலையில் மோதிப் பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

ஒரு புயல் கரையைக் கடந்த செய்தி ஊரெல்லாம் தெரிந்திருந்தது. கடலிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கும் ஒரு மலைப்பாதைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்பது பாதையில் இருந்த பலருக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு இந்த நிகழ்வு மிகவும் வலிக்கிறது, ஏனென்றால் கையில் இரண்டு நாள் இருந்தது. சீசன் என்பது பல ஆண்டுகளின் சராசரி. நீங்கள் போகும் வாரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சில இடங்களில் 'நல்ல சீசன்' என்பதன் பொருளே வேறு. படகோனியாவில் கோடை என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பகல் நீளம், குளிர் குறைவு. ஆனால் காற்று மிகவும் கடுமையாக வீசுவதும் அந்த மாதங்களில்தான்.

டிகிரியைப் பார்த்து, காற்றை விடுவது

5 டிகிரி, மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று. தோலுக்கு இது மைனஸ் 1 போல இருக்கும். நனைந்துவிட்டால் இன்னும் மோசம். பருத்தித் துணி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். குளிரில் இறப்பதற்குப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக வேண்டியதில்லை. நனைந்த உடையும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் போதும். ஆகவே மழையையும் காற்றையும் தடுக்கும் மேலுடை எப்போதும் உங்கள் முதுகுப் பையிலேயே இருக்கட்டும். அறையிலோ, வண்டியிலோ, அடுத்த நிறுத்தத்திலோ இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

ஐஸ்லாந்தில் இன்னொரு குழப்பம் உண்டு. அங்கே காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். '20' என்று பார்த்துவிட்டு, சாதாரணக் காற்றுதான் என்று வண்டியை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த 20, மணிக்கு 72 கிலோமீட்டர். அந்தக் காற்றில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து பாருங்கள். காற்று பின்னாலிருந்து வந்தால், கைப்பிடியைத் தளர்த்திய அடுத்த கணம் கதவு கையிலிருந்து பறந்து, கீல் வளைந்து, முன்பக்கத் தகட்டில் போய் இடிக்கும். அதன் பிறகு கதவு சரியாக மூடாது. வாடகை வண்டியின் காப்பீட்டில் பெரும்பாலும் இது சேராது. வண்டியின் முகம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக, இரண்டு கையாலும் கதவைப் பிடித்தபடி இறங்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை. மெல்போர்னில் வடக்கே உள்நாட்டு வறண்ட நிலத்திலிருந்து அனல் வீசும். திடீரென்று காற்று தென்மேற்குக்குத் திரும்பும், கடலின் குளிர் வந்துவிடும். மக்கள் அந்த மாற்றத்துக்காக ஏங்குவார்கள். 2009 பிப்ரவரி 7 அன்று அங்கே 46.4 டிகிரி. சுற்றியுள்ள விக்டோரியா மாநிலம் முழுவதும் காட்டுத்தீ. மாலையில் காற்று திரும்பியபோது, நீண்டு கிடந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் அப்படியே முன்முனையாக மாறியது. அன்றைய தீயில் 173 பேர் இறந்தார்கள். குளிர்ச்சி தரும் காற்றே ஆபத்தாக முடியும் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றாது.

மாற்றம் எவ்வளவு வேகமாக வரலாம்? அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 காலை, மைனஸ் 20-ல் இருந்த வெப்பநிலை இரண்டே நிமிடத்தில் 7 டிகிரிக்கு ஏறியது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும், சினூக் என்ற வெதுவெதுப்பான காற்றின் வேலை. பிறகு அதே காலையில் மறுபடி மைனஸ் 20. சன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன.

திரும்பி வர மனம் இல்லாமை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள மவுண்ட் வாஷிங்டன் மலை 1,917 மீட்டர்தான். உயரத்தைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். புயல் பாதைகள் சந்திக்கும் இடத்தில் அது நிற்கிறது. 1934 ஏப்ரல் 11 அன்று உச்சியிலிருந்து அட்லான்டிக் கடல் தெரியும் அளவுக்குத் தெளிவு. மறுநாள் அங்கே மணிக்கு 372 கிலோமீட்டர் காற்று பதிவானது. நேற்றுத் தெளிவாக இருந்தது, எனவே இன்று போகலாம் என்ற நியாயம் அங்கே செல்லாது. வானிலை மோசமாக இருந்தால் இப்போதே திரும்பிவிடுங்கள் என்று பாதையிலேயே பலகை வைத்திருக்கிறார்கள்.

பலகையைப் படித்துவிட்டும் ஏறுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை. விமானச் சீட்டு எடுத்தாயிற்று, விடுப்பு நான்கே நாள், நாளை வேறு ஊரில் அறை. இத்தனையும் பின்னால் இருந்து தள்ளும்போது, மேகத்தைப் பார்த்து முடிவெடுக்க யாராலும் முடியாது. அதனால் முடிவை முன்பே எடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம், காற்று எந்த எண்ணைத் தாண்டினால் வண்டியை எடுக்க மாட்டோம் என்று அறையில் உட்கார்ந்து பேசி, எழுதி வையுங்கள். கூட வருபவர்களில் ஒருவர் போகலாம் என்று சொன்னால் போதாது, ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். பயணத் திட்டத்தில் ஒரு நாளையாவது வெறுமனே விட்டு வையுங்கள், மாற்றிக்கொள்ள இடம் இருக்கும்.

எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் உதவிக்குச் சொல்ல வேண்டும் என்பதைக் கீழே இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஐஸ்லாந்தில் பயணத் திட்டத்தை மீட்புக் குழுவினரின் இணையப் பக்கத்திலேயே பதிந்து வைக்கலாம். சிக்னல் கிடைக்கும் கடைசி இடத்தில் நின்று முன்னறிவிப்பை இன்னொரு முறை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு உள்ளே போங்கள்.