நேற்று ஓடிய பிக்கப் இன்று நகரவில்லையா? கியர்பாக்ஸைக் கழற்றும் முன் செய்ய வேண்டியவை

காலையில் நன்றாக ஓடிய வண்டி. மாலையில் சிக்னலில் நின்று கிளம்பும்போது என்ஜின் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் என்றால் “கியர்பாக்ஸ் போச்சு, மாத்திடுங்க” என்ற பதில்தான் முதலில் வரும். அமெரிக்காவில் அது ஆயிரக்கணக்கான டாலர் செலவு. சம்மதிக்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எந்தக் கியர் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதிப் பார்த்தாலே பழுது எங்கே என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

1999 முதல் 2006 வரை வந்த செவர்லே சில்வராடோ 1500 வண்டிகள் பலவற்றில் இருக்கும் 4எல்60-இ என்ற நான்கு கியர் பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். இன்றும் சாலையில் ஏராளமாக ஓடுவது அது. வேறு பெட்டியானால் எண்கள் மாறும், தேடும் வரிசை மாறாது.

படி 1: எண்ணெய்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பார்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் ஒருமுறை கியர்பாக்ஸ் எண்ணெயின் டிப்ஸ்டிக்கை (மட்டம் பார்க்கும் கம்பியை) உருவிப் பாருங்கள்; என்ஜின் ஆயில் கம்பி வேறு. ஸ்டார்ட் செய்தபின் மீண்டும் பாருங்கள். பம்ப் எண்ணெயை இழுத்து டார்க் கன்வெர்ட்டருக்கு (என்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) அனுப்புவதால் மட்டம் இறங்க வேண்டும். இறங்கவே இல்லை, எந்தக் கியரிலும் அசைவும் இல்லை என்றால் பம்ப் மீதும் ஃபில்டர் மீதும் சந்தேகம் விழுகிறது.

சரியான அளவு, எண்ணெய் சூடான பிறகு என்ஜின் ஓடும்போது பார்ப்பதுதான். குறைவாக இருந்தால் முதலில் ஊற்றி நிரப்பி ஓட்டிப் பாருங்கள்; ரேடியேட்டருக்குப் போகும் குழாயில் கசிவு இருக்கிறதா என்றும் தேடுங்கள். கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் உள்ள கூலர் உடைந்து தண்ணீர் கலந்துவிட்டது. அப்படியானால் வண்டியை அதற்கு மேல் ஓட்டவே கூடாது.

படி 2: வெளியே உள்ளவை

கியர் லீவரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிள் கழன்றிருந்தால் நீங்கள் டி-யில் வைத்தாலும் பெட்டி நியூட்ரலில் இருக்கும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரலில் மாட்டியிருக்கலாம். இந்த இரண்டையும் பார்க்காமலே பெட்டியைக் கழற்றிய கதைகள் உண்டு. அடுத்து, ஒருவர் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு கியர் போட்டு, பிரேக்கை மெல்ல விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். ஷாஃப்ட் சுற்றியும் வண்டி நகரவில்லை என்றால் பழுது பின்பக்கம், ஆக்ஸிலிலோ டிஃபரென்ஷியலிலோ இருக்கிறது, கியர்பாக்ஸைத் தொடாதீர்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. அடியில் படுக்க வேண்டிய வேலைக்கு ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

படி 3: கியர்களை எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, என்ஜின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். கியர் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறினால் முள் ஏறக்குறைய பாதிக்கு இறங்கும். மூன்றில் ஒரு பங்குக்கு விழுந்தால் இரண்டைத் தாண்டி நேராக மூன்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

இரண்டும் நான்கும் ரிவர்ஸும் சேர்ந்தே போய், ஒன்றும் மூன்றும் மட்டும் இருந்தால் சன் ஷெல் (உள்ளே சன் கியரைச் சுழற்றும் உலோகக் கூடு) உடைந்திருக்கிறது. இந்தப் பெட்டியின் பெயர்போன பலவீனம் இது. இரண்டும் நான்கும் போய் ரிவர்ஸ் நன்றாக இருந்தால் 2-4 பேண்ட் (இரண்டிலும் நான்கிலும் இறுகிப் பிடிக்கும் பட்டை) பக்கம் பாருங்கள். மூன்றுக்கு மாறும் நேரத்தில் என்ஜின் மட்டும் எகிறி வண்டி நியூட்ரல்போல் ஆனால் 3-4 கிளட்ச் எரிந்திருக்கும்; அப்போது ஒன்று, இரண்டு, ரிவர்ஸ் மூன்றும் இருக்கும். ஓவர்டிரைவ் டி-யில் நகராமல் லீவரை 1-ல் வைத்தால் மட்டும் நகர்ந்தால், ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது.

இன்னொரு வகை உண்டு: டி-யில் வைத்தால் மூன்றாம் கியரிலேயே சோம்பலாகக் கிளம்புகிறது, ரிவர்ஸ் போட்டால் ‘டொம்’ என்று இடிக்கிறது. இதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். மின்சாரம் நின்றுபோனதால் பெட்டி தற்காப்பு நிலைக்குப் போயிருக்கலாம். ஃபியூஸ் போயிருந்தாலே இப்படி ஆகும்.

படி 4: மின்சாரம்

1996-க்குப் பிந்தைய பிக்கப்களில் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி-2 ஸ்கேனர் மாட்டலாம். பி0753, பி0758 வந்தால் பழுது ஷிஃப்ட் சொலினாய்டுகளின் (கியர் மாற்ற எண்ணெயைத் திறந்து மூடும் மின்வால்வுகள்) மின்சுற்றில். பி0748 வந்தால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு. பி1870 என்பது உள்ளே வழுக்கல் இருக்கிறது என்கிறது, காரணத்தைச் சொல்லாது. ஃபியூஸைச் சோதித்த பிறகு, இக்னிஷனை அணைத்து, பெட்டியின் வலப்பக்கத்து வட்டக் கனெக்டரைக் கழற்றுங்கள். பெட்டிப் பக்கத்து பின்களில் இ-க்கும் (E) ஏ-க்கும் (A) இடையே, பிறகு இ-க்கும் பி-க்கும் (B) இடையே மல்டிமீட்டர் வையுங்கள்; இவை ஷிஃப்ட் சொலினாய்டுகள். 20 டிகிரி செல்சியஸில் 19 முதல் 24 ஓம் வர வேண்டும். சூடாக இருந்தால் 30 வரைகூட ஏறும். அழுத்த சொலினாய்டுக்கு சி-க்கும் (C) டி-க்கும் (D) இடையே 3 முதல் 5 ஓம். முற்றிலும் வேறாகக் காட்டினால் சொலினாய்டோ உள்வயரிங்கோதான் பழுது. பெட்டியை இறக்காமலே, அடியில் உள்ள எண்ணெய்த் தட்டான பானைக் கழற்றி மாற்றிவிடலாம்.

படி 5: பான்

எண்ணெய் ஆறிய பிறகு 16 போல்ட்களையும் கழற்றுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருப்பது வழக்கமானதுதான். கறுப்புத் துணுக்குகள் கிளட்ச் பிளேட்டின் மேற்பூச்சு. விரலில் குத்தும் இரும்புச் சில்லுகள் கிடந்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். அந்தச் சில்லுகளைப் படம் எடுத்து, படி 3-இல் எழுதிய தாளோடு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.